மயிலாப்பூர், திருவல்லிக்கேணி: எங்கே, எப்போது சாப்பிடுவது? கேள்வி பதில்

ஆளாளுக்குத் தனியாகக் கேட்பதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே சேர்த்துப் பதில் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் வளர்ந்தவன், வீட்டுச் சாப்பாட்டைவிட வெளிச் சாப்பாடு அதிகம் சாப்பிட்டவன், அவ்வளவுதான் என் தகுதி. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஒட்டிக்கொண்டிருக்கும் ராயப்பேட்டை, ஆழ்வார்பேட்டை வரை கேளுங்கள். அண்ணா நகர், ஓஎம்ஆர் பக்கமெல்லாம் வேறு ஆள் பாருங்கள். முதலிலேயே ஒன்று: மாட வீதிகளுக்குள் காரைக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: சார், கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறோம். ஞாயிறு ஒரு நாள் மயிலாப்பூரில்தான். பேர்பெற்ற கடைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது, முயற்சியும் செய்ய வேண்டாம். இங்கே எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் பெரிய விஷயம். அருண்டேல் தெருவில் இருக்கும் ராயர் மெஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன இடம், கொஞ்சம் பேர்தான் உட்கார முடியும், ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதி மயிலாப்பூர் வாசலில் நிற்கும். கடை திறக்கிற நேரத்துக்குப் போனால் இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி எல்லாம் சுடச்சுட, நிதானமாகச் சாப்பிடலாம். ஒன்பதரைக்கு மேல் குழந்தைகளோடு போய் நின்றால் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் உங்கள் இலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார், அந்தச் சங்கடத்தில் என்ன சாப்பிட்டோம் என்றே தெரியாது. அங்கே மதியச் சாப்பாடு கிடையாது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கபாலீஸ்வரர் கோயில். நடை சாத்துவதற்குள் தரிசனம் முடித்துவிட்டு வெளியே வந்தால் தெற்கு மாட வீதியில் காளத்தி கடை. 1927-லிருந்து இருக்கும் பத்திரிகைக் கடை அது, பேர் வாங்கிக் கொடுத்தது என்னவோ ரோஸ் மில்க். வெயிலில் நின்றுகொண்டே குடித்துவிட்டு நகர வேண்டியதுதான், உட்கார இடம் தேடாதீர்கள். மதியம் ஏசியில் உட்கார்ந்து சாப்பாடு வேண்டுமென்றால் ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ். சாயங்காலம் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். அங்கே போய் நெய் ரோஸ்ட் கேட்காமல் அடை அவியல் கேளுங்கள். இதற்கு மேல் ஒரு நாளில் ஒரு வயிறு தாங்காது.

கேள்வி: பார்க்கிங் எப்படி சார்?

மேலே சொன்னேன். பறக்கும் ரயிலில் திருமயிலை ஸ்டேஷனில் இறங்கி நடந்து வாருங்கள். லஸ் பக்கம் மெட்ரோ சுரங்க வேலை வேறு நடக்கிறது, எந்த வாரம் எந்தத் தெருவை ஒருவழிப் பாதை ஆக்குவார்கள் என்று போலீஸ்காரரைக் கேட்டால்தான் தெரியும்.

கேள்வி: அண்ணா, டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இப்போது எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்?

2008-லேயே மூடிவிட்டார்கள் தம்பி. கதீட்ரல் ரோட்டில் அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது, 2010-ல் திறந்தார்கள். காரில் உட்கார்ந்தபடியே தட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பற்றி அப்பா சொல்லியிருப்பார், அதெல்லாம் நிஜம். கடைதான் இல்லை. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த கிருஷ்ண ராவ் 1938-ல் ராயப்பேட்டையில் தொடங்கின உட்லண்ட்ஸ் வரிசையில் வந்தது அது. அந்த வழியில் மிச்சமிருப்பது மேலே நான் சொன்ன ராதாகிருஷ்ணன் சாலைக் கடை.

கேள்வி: காலேஜ் பிரெண்ட்ஸ் ரீயூனியன். கொஞ்சம் ஸ்டைலாக, போட்டோ எடுக்கிற மாதிரி இடம் வேண்டும். மெஸ் எல்லாம் வேண்டாம் ப்ளீஸ்.

ராயப்பேட்டை ஒயிட்ஸ் ரோட்டில் அமெதிஸ்ட். மரமும் செடியும் சூழ்ந்த பெரிய பழைய பாணிக் கட்டிடம், தோட்டத்தைப் பார்த்தபடி உட்காரலாம். மார்ச்சிலிருந்து ஜூன் வரை வெளியில் மேஜை கேட்காதீர்கள், மேக்கப் கரைந்துவிடும். ஆர்.ஏ.புரத்தில் சேமியர்ஸ் ரோட்டுப் பக்கமும் இந்த மாதிரி கஃபேக்கள் உண்டு. சனிக்கிழமை மாலை என்றால் முன்கூட்டிப் போன் செய்து மேஜை சொல்லிவையுங்கள். பத்துப் பேர் திடுதிப்பென்று போனால் இரண்டு மேஜையாகப் பிரித்துத்தான் உட்காரவைப்பார்கள்.

இந்த மாதிரி இடங்களில் நீங்கள் காசு கொடுப்பது நாற்காலிக்கும் மரத்து நிழலுக்கும். மூன்று மணி நேரம் யாரும் எழுப்ப மாட்டார்கள், அதற்கு அந்த விலை நியாயம்தான். ஆனால் அங்கே போய் இட்லி ஆர்டர் செய்துவிட்டு ராயர் மெஸ் மாதிரி இல்லையே என்று எனக்கு எழுதாதீர்கள். கேக், சாண்ட்விச், பாஸ்தா பக்கமே இருங்கள்.

கேள்வி: அந்த மாதிரி ஒரு கஃபேயில் பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டார்கள். கட்டியே ஆக வேண்டும், அரசாங்க வரி என்றார் மேனேஜர். உண்மையா?

இதற்கு விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சர்வீஸ் சார்ஜ் அரசாங்க வரி கிடையாது, அது கடைக்குப் போகிற காசு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி வெளியிட்டது: பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பேரிலும் வாங்கக் கூடாது, கொடுக்காவிட்டால் உள்ளே விட மாட்டேன் என்று சொல்லக் கூடாது. ஹோட்டல்காரர்கள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளிவிட்டு, நெறிமுறை செல்லும் என்று சொல்லிவிட்டது. எனவே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், சண்டை போடாமல் கேட்டாலே எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறினவருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமென்றால் அவர் கையில் கொடுங்கள்.

ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். சாதாரண ஹோட்டலில் 5 சதவீதம். அறை வாடகை 7500 ரூபாய்க்கு மேல் போகிற நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்ட் என்றால் 18. அங்கே ஒரு காபி குடித்துவிட்டு வரியைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், தெரிந்தே போங்கள்.

கேள்வி: திருவல்லிக்கேணி ரத்னா கஃபே சாம்பார் இட்லி இன்னும் நன்றாக இருக்கிறதா?

இருக்கிறது. 1948-லிருந்து நடக்கிறது. தொடங்கினது உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த குடும்பம் என்று சொன்னால் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள். இட்லி சாம்பாரில் மூழ்கித்தான் வரும், தீரத் தீரச் சாம்பார் வாளியோ ஜக்கோ எடுத்துக்கொண்டு ஆள் வருவார். காலை ஏழரை, எட்டு மணிக்குப் போங்கள். கூட்டம் ஓய்ந்த பதினோரு மணிக்குப் போவதைவிட இட்லி அடுக்கடுக்காக இறங்குகிற நேரத்தில் போவது நல்லது.

மந்தைவெளி மாமி: மன்னிக்கணும், நடுவிலே வரேன். இட்லியை சாம்பாரில் முக்கினால் அது இட்லியா? இட்லி தனியா, சாம்பார் கிண்ணத்தில் தனியா, தொட்டுக்கணும். இதைப் போய் சிபாரிசு செய்யறேளே!

மாமி, இரண்டும் வேறு வேறு பண்டம். ஊறினது வேண்டாம் என்றால் தனியாகக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

தாம்பரத்துத் தம்பி: மாமி சொல்றது வீட்டு இட்லிக்குச் சரி. ஹோட்டல் இட்லிக்குச் சாம்பார் ஊற்றினால்தான் இறங்கும்.

மந்தைவெளி மாமி: அப்படின்னா ஹோட்டல் இட்லி சரியில்லைன்னு நீயே ஒத்துக்கறே.

மாமி ஒரு பாயின்ட் போட்டுவிட்டார், அதனால் நானும் இதில் இறங்குகிறேன். இட்லி ஆறினால் ஏன் இறுகுகிறது? வெந்த அரிசி மாவில் இருக்கும் ஸ்டார்ச் சூடு குறையக் குறைய மறுபடி இறுகிக்கொள்ளும். கொதிக்கும் சாம்பார் மேலே விழுந்தால் அந்த இறுக்கம் தளர்ந்து இட்லி மெத்தென்று ஆகிவிடும். காலையில் இறக்கின இட்லியைப் பதினோரு மணிக்கு மினி சாம்பார் இட்லி என்று நெய் விட்டு, வெங்காயம் தூவிக் கொடுத்தால் உங்களுக்குக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே ஒரு கடையின் சமையலறையை எடைபோட வேண்டுமென்றால் சாம்பார் இட்லி வாங்காதீர்கள். சாதா இட்லி இரண்டு வாங்கி, ஒரு விள்ளல் எதையும் தொடாமல் வாயில் போடுங்கள். புளிப்பு அதிகமா, உளுந்து குறைவா, எப்போது இறக்கினது, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

இதனால் ரத்னா கஃபேயைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சாம்பார்தான் கதாநாயகன், இட்லி அதைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆள். கொதிக்கக் கொதிக்க வரும்போது சாப்பிட்டால் மாமியே இன்னொரு தட்டு கேட்பார்.

மந்தைவெளி மாமி: கேட்க மாட்டேன்.

கேள்வி: எனக்கும் ஒரு சந்தேகம். சட்னி ஊற்றி ஊறவைக்கலாமா?

வேண்டாம். இந்த இட்லி விவகாரம் இத்தோடு போதும், கேள்விகள் வரிசையில் நிற்கின்றன.

கேள்வி: சட்னி தண்ணீராக இருந்தால்?

போதும் என்றேன்.

கேள்வி: மயிலாப்பூரில் அசைவமே கிடைக்காதா அண்ணே?

கிடைக்கும், மாட வீதியைத் தாண்டிக் கச்சேரி ரோடு, சாந்தோம் பக்கம் போனால் பிரியாணிக் கடைகள் உண்டு. ஆனால் தேடிப் போகிற அளவுக்கு வேண்டுமென்றால் வட்டாரத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். ராயப்பேட்டையில் பொன்னுசாமி 1954-லிருந்து. சேப்பாக்கத்தில் சந்துக்குள் இருக்கும் நாயர் மெஸ் 1961-லிருந்து. கேரளச் சாப்பாடு, பொரித்த மீன், அவ்வளவுதான் அங்கே, அலங்காரம் ஒன்றும் கிடையாது. கிரிக்கெட் மேட்ச் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள், ஸ்டேடியத்துக் கூட்டம் முழுக்க அங்கேதான். மற்ற நாளிலும் மதியம் இரண்டு மணிக்குப் போய், நல்ல மீன் தீர்ந்துவிட்டது என்று என்னைத் திட்டாதீர்கள்.

கேள்வி: சிக்கன் 65 எங்கே கண்டுபிடித்தார்கள்?

மவுண்ட் ரோடு புஹாரிக்காரர்கள் தாங்கள்தான் என்கிறார்கள். என் எல்லைக்கு வெளியே.

கேள்வி: டிசம்பரில் சென்னை வருகிறேன். கச்சேரி கேட்கத் தெரியாது, ஆனால் சபா கேன்டீனில் சாப்பிட ஆசை. டிக்கெட் இல்லாமல் உள்ளே விடுவார்களா?

நல்ல கேள்வி. விடுவார்கள், கேன்டீனுக்கு டிக்கெட் தேவையில்லை. மார்கழியில் இந்த ஊரில் பேஷனான சாப்பாட்டு இடம் என்றால் அதுதான். பட்டுப்புடவை, டிகிரி காபி, பக்கத்து மேஜையில் விமர்சகர், எல்லாம் ஒரே கூரையின் கீழ். மியூசிக் அகாடமி, ஆழ்வார்பேட்டை நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் மூன்றும் அடுத்தடுத்து எட்டிப் பார்க்கிற தூரம். கவனிக்க வேண்டியது, சமையல் கான்டிராக்ட் சபாவுடையது இல்லை, வெளி ஆளுடையது, வருஷத்துக்கு வருஷம் மாறலாம். போன வருஷம் எங்கே நன்றாக இருந்தது என்ற தகவலை வைத்துக்கொண்டு போகாதீர்கள், அந்த வருஷம் யார் எங்கே எடுத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

நேரம் இங்கேயும்தான். பெரிய பாடகரின் மாலைக் கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்கு வரும். மிருதங்கக்காரருக்கு அது வருத்தம், உங்களுக்கு அது வரிசை. அதற்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள்.

கேள்வி: பங்குனித் திருவிழா, அறுபத்துமூவர் அன்று எந்த ஹோட்டல் நல்லது?

அன்றைக்கு ஹோட்டலே வேண்டாம். தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நீர்மோர், பானகம், புளியோதரை, சாம்பார் சாதம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் போதும்.

கேள்வி: கார் கொண்டு வரலாமா?

அறுபத்துமூவர் அன்றா? சரியாய்ப் போச்சு.

கேள்வி: ரீல்ஸில் ஒரு ஜன்னல் வழியாக பஜ்ஜி கொடுக்கிற கடை பார்த்தேன். எங்கே? உட்கார இடம் உண்டா?

பொன்னம்பல வாத்தியார் தெரு, ஜன்னல் கடை. பழைய வீட்டு ஜன்னலிலிருந்து கொடுப்பதால்தான் அந்தப் பேர். உட்கார இடம் கிடையாது, தட்டை வாங்கித் தெருவில் நின்று சாப்பிட வேண்டும். வீடியோ எடுக்கிறவர்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பின்னால் வேலைக்குப் போகிறவர்கள் பசியோடு நிற்கிறார்கள்.

கேள்வி: ஆன்லைனில் 4.5 ஸ்டார் இருக்கிற புதுக் கடை ஒன்று, நம்பிப் போகலாமா?

ஸ்டாரைப் பார்க்காமல் சமீபத்தில் எழுதினவற்றில் மோசமாகச் சொன்னதைப் படியுங்கள். பத்துப் பேர் காத்திருந்த கடுப்பில் எழுதியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு பேர் வயிறு கெட்டது என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: காபித் தூளில் சிக்கரி சேர்ப்பது கலப்படம்தானே? எந்தக் கடையில் சேர்ப்பதில்லை?

கலப்படம் இல்லை. பாக்கெட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் சேர்க்கலாம், காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். சிக்கரியே இல்லாத ஃபில்டர் காபி தேடி மாட வீதியில் அலைந்தால் கால்தான் வலிக்கும். கொஞ்சம் சிக்கரி இருந்தால்தான் பால் விட்ட பிறகும் அந்த நிறமும் கெட்டித்தன்மையும் நிற்கும்.

மந்தைவெளி மாமி: நாங்க ஆத்துல சிக்கரி சேர்க்கறதே இல்லை.

மாமி, தெரியும். வீட்டுக்குக் கூப்பிட்டால் வருகிறேன்.

கேள்வி: நைட் எழும்பூரில் ரயில். மயிலாப்பூரிலிருந்து ரயிலில் சாப்பிட என்ன பார்சல் வாங்கலாம்?

மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவின இட்லி, இல்லையென்றால் தயிர் சாதம். தேங்காய்ச் சட்னி வேண்டாம், இரவுக்குள் கெட்டுவிடும். தோசை வேண்டாம், ரப்பராகிவிடும். சாம்பார் பாக்கெட்டும் வேண்டாம் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் போட்டுவிடுவார்கள், அது மேல் பெர்த்தில் உடையும்.