ஊருடன், வேருடன்

கேள்வி: ஆங்கிலத்தில் ‘வித்’ என்றால் ‘உடன்’ என்றுதானே பொருள்? அப்படியிருக்க, ‘ஃபைட் வித் தி எனிமி’ என்பதற்குப் பகைவனுடன் சேர்ந்து சண்டையிடுவது என்ற பொருள் ஏன் வருவதில்லை?

பதில்: உங்கள் கேள்வியில் ‘என்றுதானே’ என்ற இடத்தில்தான் என் கண் நின்றது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்ற நம்பிக்கையோடு நான் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறேன். இப்போது நான் எழுதிய வாக்கியத்தில் உள்ள ‘ஓடு’வையே பாருங்கள், அந்த நம்பிக்கைக்கு நான் துணையாக நிற்கவில்லை, எதிரே நிற்கிறேன். கொன்றைவேந்தனில் ஔவையார் ‘ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்’ என்றபோது, முதல் ‘உடன்’ எதிர்ப்பையும் அடுத்த ‘உடன்’ வேரும் சேர்ந்து அழிவதையும் காட்டுவதைச் சிறு பிள்ளைகளும் தடுமாறாமல் புரிந்துகொள்கிறார்கள். ஆகவே ‘வித்’ செய்வதைத்தான் நம் ‘உடன்’ என்பதும் செய்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வரலாறும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘வித்’தின் முதன்மைப் பொருளே ‘எதிராக’ என்பதுதான். சேர்ந்திருத்தலைச் சொல்ல அப்போது ‘மிட்’ என்ற வேறு சொல் இருந்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் ‘மிட்’ என்றே இன்றும் வழங்குகிறது. பின்னர் அந்த வேலையையும் ‘வித்’ எடுத்துக்கொள்ள, ஆங்கிலத்தில் ‘மிட்’ வழக்கொழிந்து, பேறுகாலத்தில் தாயுடன் இருக்கும் பெண்ணைக் குறிக்கும் ‘மிட்வைஃப்’ என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய எதிர்ப்புப் பொருளோ, எதிர்த்து நிற்பதைச் சொல்லும் ‘வித்ஸ்டாண்ட்’டில் அப்படியே இருக்கிறது.

என் மனக்குறை மொழிபெயர்ப்பில்தான். ‘வித்’தைக் கண்டதும் ‘உடன்’ என்று எழுதிவிடும் பழக்கத்தால், ‘பேனாவுடன் கையெழுத்திட்டார்’, ‘குளிருடன் நடுங்கினார்’, ‘நீண்ட தாடியுடன் கூடிய மனிதர்’ என்றெல்லாம் கைப்பிரதிகள் வருகின்றன. ‘பேனாவால்’, ‘குளிரில்’, ‘நீண்ட தாடிக்காரர்’ என்று நான் திருத்திக்கொண்டே இருக்கிறேன். தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமையை ‘ஒடு’ என்றே பெயரிட்டு, வினைமுதலையும் கருவியையும் அதற்குப் பொருளாகச் சொல்கிறது என்பதை எடுத்துக்காட்டி, ‘பேனாவுடன்’ என்பதும் சரியே என்று வாதாடலாம். ஆனால் இன்றைய தமிழில் கருவிக்கு உரியது ‘ஆல்’ என்பது பேசுகிற எல்லோருக்கும் தெரியும்.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது ‘வித் ஆல் ஹிஸ் வெல்த், ஹி வாஸ் அன்ஹேப்பி’ போன்ற வாக்கியம். அதை ‘தன் எல்லாச் செல்வத்துடனும் அவர் மகிழ்ச்சியற்றிருந்தார்’ என்று எழுதினால், அந்த மனிதரின் துயரமே வாசகருக்குப் போய்ச் சேராது. ‘அத்தனை செல்வம் இருந்தும் அவருக்கு நிம்மதி இல்லை’ என்பதே தமிழ். அங்கே ‘வித்’தின் முழுப் பொருளையும் ‘இருந்தும்’ சுமக்கிறது.