வாசகர் கேள்விகள்: கடல் கிடைக்கிறது, கடலோரம் எங்கே?

கேள்வி: நூலகத்தின் இணையப் பட்டியலில் 'கடல்*' என்று தேடினேன். 'கடலோரம்' என்று தொடங்கும் புத்தகம் அலமாரியில் இருந்தும் பட்டியலில் வரவில்லை. நட்சத்திரக் குறி தமிழுக்கு உதவாதா?

பதில்: உதவும். அதற்கு முன்னால் தட்டியதில் தொடங்கும் சொற்களை எல்லாம் அது தேடித் தரும். நீங்கள் சொல்லை வெட்டிய இடம்தான் சரியில்லை. நமக்கு 'ல்' ஓர் எழுத்து. கணினிக்கோ ல, புள்ளி என இரண்டு குறிகள். 'கடலோரம்' என்பதில் ல-வை அடுத்து ஓகாரக் குறி வருகிறது, புள்ளியே இல்லை. அதனால் புள்ளியை விட்டுவிட்டு 'கடல*' என்று தட்டுங்கள். கடல், கடலில், கடலோரம் எல்லாம் வரும். வறுத்துத் தின்னும் கடலையும் கூடவே வரும்! அதைத் தள்ள 'நாட் கடலை' (கடலை என்ற சொல் உள்ளவை வேண்டாம்) என்று போட்டுவிடாதீர்கள். 'கடலை அறிவோம்' என்று ஒரு தலைப்பு இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். வேண்டாததைக் கண்ணால் தள்ளுவதே பத்திரம்.

கடற்கரை, கடற்பயணம் இதிலும் சிக்காது. ல் அங்கே ற் ஆகிவிட்டது. ஆகவே கடல் வணிகம் பற்றித் தேடுவதானால் (கடல* ஆர் கடற்*) ஆண்ட் வணிகம் என்று கொடுங்கள். ஆர் என்றால் இரண்டில் ஒன்று இருந்தாலும் போதும், ஆண்ட் என்றால் இரண்டும் இருக்க வேண்டும். அடைப்புக்குறியை விட்டால் பல மென்பொருள்கள் ஆண்ட்-ஐ முதலில் கணக்கில் எடுக்கும். வணிகத் தேடல் கடற்* என்பதோடு நின்றுவிட, 'கடல*' தனியாகப் போய் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். ஆண்ட், ஆர், நாட் மூன்றையும் ஆங்கிலத்தில், பெரிய எழுத்திலேயே தட்டுங்கள். சிறிய எழுத்தில் தட்டினால் சில பட்டியல்கள் அவற்றைச் சாதாரணச் சொல்லாக நினைத்துக்கொள்ளும்.

கேள்வி: முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் போட்டேன். முடிவு பூஜ்யம்.

பதில்: வேறு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினீர்களா? அப்படியானால் மேற்கோள் குறி வளைந்ததாக இருக்கலாம். அழித்துவிட்டு விசைப்பலகையில் நேர்க்குறியாகத் தட்டிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் ஒற்றும் இடைவெளியும்தான் காரணம். 'தமிழ்ப் பண்பாடு' என்று நீங்கள் தேட, பதிவு செய்தவர் 'தமிழ்ப்பண்பாடு' என்று சேர்த்து எழுதியிருப்பார். மேற்கோளுக்குள் இருப்பது அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். நீளத் தலைப்பில் இது அடிக்கடி நடக்கும். மேற்கோளை எடுத்துவிட்டு, தலைப்பிலேயே அரிதான ஒரு சொல்லைத் தலைப்புக் கட்டத்திலும் ஆசிரியர் பெயரை அதற்குரிய கட்டத்திலும் கொடுங்கள். ஆசிரியரின் முன்னெழுத்து வேண்டாம். அதை ஆளுக்கொரு விதமாகப் பதிவார்கள்.

கேள்வி: புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன், பழைய 10 இலக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் 978 சேர்த்தும் புத்தகம் வரவில்லையே?

பதில்: கடைசி இலக்கம் சோதனை இலக்கம், அதாவது மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. 978 சேர்த்தால் அதையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். 13 இலக்கம் நடைமுறைக்கு வந்தது 2007-இல். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் 10 இலக்கத்தை இடைக்கோடு இல்லாமல் அப்படியே தட்டுங்கள். கடைசியில் எக்ஸ் இருந்தால் அதையும் விடாதீர்கள்.