துண்டு விரித்த நாற்காலி யாருடையது?

கேள்வி: மதுரையிலிருந்து வந்திருந்த மாமனார் மாமியாரையும் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, சென்ற கோடையில் ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து ஏழு இரவு கரீபியன் கப்பல் பயணம் போனோம். கப்பல் எந்தக் கரையையும் தொடாத முதல் நாள் காலை எட்டரை மணிக்கு நீச்சல்குளத் தளத்துக்குப் போனால், எல்லாச் சாய்வு நாற்காலிகளிலும் துண்டு விரித்திருந்தது. ஆட்களோ பத்துப் பேர்கூட இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு, என் கணவர் இரண்டு துண்டுகளை மடித்து ஓரமாக வைத்து, முழங்கால் வலியுள்ள மாமியாரை உட்காரவைத்தார். பதினோரு மணி வாக்கில் வந்த ஒரு தம்பதி, எங்கள் பொருளைத் தொட நீங்கள் யார் என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டார்கள். அதன் பிறகு மாமியார் அந்தப் பக்கமே வரவில்லை. மறுநாள் மாமனார் காலை ஆறு மணிக்கே போய் ஆறு நாற்காலிகளில் துண்டு போட்டுவிட்டு வந்து, “பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்காதவன் யார்?” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது, அதைச் சொல்லப்போய் எனக்கும் கணவருக்கும் வாக்குவாதம். மாலையில் அரங்கத்திலும் இதே கதைதான். ஒரு பெண்மணி ஸ்வெட்டரையும் கைப்பைகளையும் பரப்பி ஒரு வரிசையையே பிடித்து வைத்திருந்தார். வரும் டிசம்பரில் மறுபடியும் போக நினைக்கிறோம். கணவர் செய்தது தவறா? மாமனார் செய்தது சரியா? இனி எப்படி நடந்துகொள்வது?
– வாசகி, நியூஜெர்சி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

ஒரு மணி நேரமாக ஆளில்லாமல் கிடந்த நாற்காலியில் உங்கள் மாமியார் உட்கார்ந்ததில் எந்தத் தவறும் இல்லை. அந்தத் துண்டை உங்கள் கணவர் தம் கையால் எடுத்ததுதான் தவறு. மாமனார் ஆறு நாற்காலிகளைப் பிடித்தது, முதல் நாள் உங்களைக் காக்கவைத்தவர்கள் செய்த அதே காரியம்; ஆகவே அதுவும் சரியல்ல.

கணவர் பக்கம் உரிமை இருந்தும் ஏன் தவறு என்கிறேன் என்றால், அந்தத் துண்டின் மேல் வேறு என்னென்ன இருந்தன என்பதற்கு அங்கே சாட்சி இல்லை. ஒற்றைச் செருப்பு, பாதி படித்த நாவல், வெயிலுக்குப் பூசும் களிம்பு, ஒரு கறுப்புக் கண்ணாடி என்று ஏதாவது ஒன்றை அடையாளத்துக்கு வைத்துவிட்டுப் போவதுதான் இவர்கள் வழக்கம். அந்தக் கண்ணாடி உடைந்திருந்தாலோ, இருந்த பர்ஸ் காணாமல் போயிருந்தாலோ, பேச்சு நாற்காலியை விட்டுத் திருட்டுக்குப் போயிருக்கும். அப்போது விதியை மீறியவர்கள் புகார் கொடுப்பவர்களாகவும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியவர்களாகவும் ஆகியிருப்பீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துண்டை எடுத்தவர் உங்கள் கணவர். ஏச்சு விழுந்த நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய அம்மா. வலியுள்ள ஒருவரை, வழக்குள்ள இடத்தில் உட்காரவைக்கும் முன் அந்த வழக்கை முடித்திருக்க வேண்டும். மாமியார் அந்தத் தளத்துக்குத் திரும்பி வராததற்கு அந்தத் தம்பதியின் சத்தம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. தம்மால்தான் இந்தச் சண்டை என்று அவர் எண்ணியிருக்கலாம். அதைப் பற்றி அவரிடம் யாராவது பேசினீர்களா? இல்லையென்றால், டிசம்பருக்குக் காத்திராமல் அவர் மகனே பேசட்டும்.

துண்டை எடுக்க வேண்டியவர்கள் கப்பல் பணியாளர்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இதற்கு எழுதிவைத்த விதியே உண்டு. கார்னிவல் கப்பல்களில் 40 நிமிடம், ராயல் கரீபியன் கப்பல்களில் 30 நிமிடம் ஒரு நாற்காலியில் ஆள் இல்லாவிட்டால், அதிலுள்ள பொருள்களைப் பணியாளர்கள் அகற்றலாம். கார்னிவலில் நேரம் குறித்த சீட்டு ஒன்றை நாற்காலியில் வைத்துவிட்டுப் போவார்கள். கெடு முடிந்தும் யாரும் வராவிட்டால், பொருள்களை எடுத்துத் துண்டு வழங்கும் மேடையில் பத்திரமாக வைத்துவிடுவார்கள், உரியவர் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். பல கப்பல்களில் துண்டுகளை அறை அட்டையில் பதிந்தே கொடுக்கிறார்கள். திருப்பித் தராத துண்டுக்குக் கணக்கில் பணம் ஏறும். ஆகவே கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகிறவருக்கும் அதில் கொஞ்சம் கவலை உண்டு.

அடுத்த முறை செய்ய வேண்டியது இதுதான். காலி நாற்காலியைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். நாற்காலியை மட்டும், ஆட்களை அல்ல, கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் அதில் நேரமும் பதிவாகிவிடும். பக்கத்து நாற்காலிக்காரரிடம், இவர்கள் குளத்தில் இருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். நீந்தப் போனவரும் கழிவறைக்குப் போனவரும் தட்டில் உணவு வாங்கப் போனவரும் விதியை மீறியவர்கள் அல்லர், அரை மணி நேரம் தருவதே அவர்களுக்காகத்தான். கெடு தாண்டியதும் குளத்துப் பணியாளரை அழைத்து, “இத்தனை மணியிலிருந்து இங்கே யாரும் இல்லை, உங்கள் விதிப்படி இதை அகற்றித் தர முடியுமா?” என்று கேளுங்கள். அவரே அகற்றிக் கொடுத்த பிறகு உட்காருங்கள். உரியவர் திரும்பி வந்து கோபப்பட்டால், “பணியாளர்தான் எங்களுக்குக் கொடுத்தார், அவரிடம் கேளுங்கள்” என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் நீங்கள் பேச வேண்டியதில்லை.

பணியாளர் தயங்கினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள், தயங்கத்தான் செய்வார்கள். பயண முடிவில் பயணிகள் நிரப்பும் கருத்துப் படிவத்திலும் தரும் அன்பளிப்பிலும் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர், வீட்டை விட்டுப் பல மாத ஒப்பந்தத்தில் வந்திருப்பவர், தம்மைவிட இரு மடங்கு வயதுள்ள பயணியின் துண்டை எடுக்கத் துணிவதில்லை. அவரிடம் குரலை உயர்த்துவது நியாயம் ஆகாது. மேலாளர் இருக்கும் விருந்தினர் சேவை மேடைக்குப் போய், தளம், நேரம், எத்தனை நாற்காலிகள் என்று சொல்லிப் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு எழுதும் நீண்ட மின்னஞ்சலைவிட, அன்றைக்கே பதிவாகும் இரண்டு வரிப் புகாருக்கு மதிப்பு அதிகம். தரையில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவிலுள்ள விடுதியில் குடும்பத்தோடு தங்கிய ஒரு ஜெர்மானியர், அரை மணி நேர விதி எழுதியிருந்தும் விடுதிக்காரர்கள் துண்டுகளை அகற்றவில்லை என்று பயண ஏற்பாட்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். ஹானோவர் நகர நீதிமன்றம் 2023 டிசம்பரில் அவருக்குச் சுமார் 320 யூரோ திருப்பித் தரச் சொன்னது. ஆளுக்கொரு நாற்காலி தரும் கடமை விடுதிக்கு இல்லை, ஆனால் இருப்பவை விருந்தினருக்குப் பயன்படும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். அவர் அங்கிருந்தபோதே முறையிட்டிருந்தது அவருக்குக் கைகொடுத்தது. ஜெர்மானியச் சட்டம் உங்கள் கப்பலைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வழக்கு துண்டுக்காரர் மேல் அல்லாமல் விதியை எழுதிவைத்துவிட்டுச் செயல்படுத்தாதவர் மேல் போனதைக் கவனியுங்கள்.

தாம் பிடித்த நாற்காலி தமக்கே சொந்தம் என்ற எண்ணம் பயணிகளுக்கு ஏன் வருகிறது என்று நான் யோசித்ததுண்டு. அட்லாண்டிக் கடலைக் கடந்த பழைய பயணக் கப்பல்களில் அது உண்மையாகவே சொந்தமாக இருந்தது. டைட்டானிக் காலத்தில், அதை இயக்கிய ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் கப்பல்களில் 4 ஷில்லிங், அதாவது 1 டாலர் கட்டினால், பயணம் முழுவதற்கும் ஒரு தளத்து நாற்காலி வாடகைக்குக் கிடைத்தது. தளத்துப் பணியாளர் பயணியின் பெயர்ச் சீட்டை அதில் செருகிவைப்பார். கரை சேரும்வரை அதில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். குளிர்காற்றில் கம்பளம் போர்த்திக்கொண்டு கடலைப் பார்த்திருக்கும் நாற்காலி அது. 1960களில் ஜெட் விமானங்கள் கடல் கடக்கும் பயணிகளை எடுத்துக்கொண்டபின், கப்பல் ஊர் போய்ச் சேரும் வாகனம் என்பதிலிருந்து விடுமுறை கழிக்கும் இடமாக மாறியது. வெயில் காய்வதற்கான நாற்காலிகள் குளத்தைச் சுற்றி வந்தன. வாடகையும் பெயர்ச் சீட்டும் போயின. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட ஐக்கான் ஆஃப் தி சீஸ் கப்பலில் 7 நீச்சல்குளங்கள் இருக்கின்றன. அது ஏற்றக்கூடிய பயணிகளோ சுமார் 7,600 பேர். கரை தொடாத நாளில் இவர்கள் எல்லோரும் கப்பலிலேயே இருப்பார்கள். அவர்களில் ஒரு பங்கினர் ஒரே நேரத்தில் குளத்தருகே வந்தாலும் இடம் போதாது. பணம் கட்டிப் பெயர் எழுதிய காலம் போய்விட்டது, பெயர் எழுதும் ஆசை மட்டும் துண்டு வடிவில் மிஞ்சியிருக்கிறது.

உங்கள் மாமனார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு எறிந்தவர், அடுத்த நிமிடம் படியேறி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்கிறார். அந்த இருக்கை ஒரு நொடியும் வீணாவதில்லை. கப்பலில் ஆறு மணிக்குப் போட்ட துண்டு, அவர் காலை உணவு முடித்து, குளித்து, பேரப்பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு வருவதற்குள் நான்கு மணி நேரம் நாற்காலியைப் பூட்டிவைக்கிறது. ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆறு நாற்காலிகள் ஒரே சமயத்தில் தேவைப்படுவதும் இல்லை. பிள்ளைகள் இருவரும் தண்ணீரை விட்டு வரவே மாட்டார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் குளத்து விளிம்பில்தான் நிற்பார். மூன்று போதும். அந்த மூன்றில் ஒன்றில் எப்போதும் உங்கள் வீட்டார் ஒருவர் உட்கார்ந்திருந்தால், மற்ற இரண்டையும் யாரும் குறை சொல்ல முடியாது.

இதை அவரிடம் யார் சொல்வது என்பதில்தான் உங்கள் வாக்குவாதம் தொடங்கியிருக்கும் என்று ஊகிக்கிறேன். மருமகள் சொன்னால் அது வேறு விதமாகக் காதில் விழும். மகன் தனியாகச் சொல்லட்டும், பிள்ளைகள் முன்னால் வேண்டாம். அவர் அப்படிச் செய்தது பேராசையால் அல்ல, முதல் நாள் தம் மனைவி பட்ட அவமானத்துக்கு அவருக்குத் தெரிந்த மருந்து அதுதான் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுப் பேச்சைத் தொடங்கினால், பாதி வேலை முடிந்துவிடும். ஆறு மணிக்கு எழுந்துகொள்ளும் பழக்கமுள்ளவர் எழுந்துகொள்ளட்டும். மனைவியையும் அழைத்துக்கொண்டு போய் இருவரும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து சூரிய உதயம் பார்த்தால், அது இடம் பிடித்தலே அல்ல.

மாமியாருக்காகத் தனியே சில யோசனைகள். குளத்தைச் சுற்றியுள்ள நாற்காலிகளுக்குத்தான் இந்தப் போட்டியெல்லாம். ஹாலண்ட் அமெரிக்கா கப்பல்கள் பலவற்றில் கப்பலைச் சுற்றிவரும் நடைத்தளம் உண்டு; அங்கே நிழலில், கடலைப் பார்த்தபடி சாய்வு நாற்காலிகள் போட்டிருப்பார்கள், கூட்டமும் குறைவு. ராயல் கரீபியனில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் சோலாரியம் என்ற பகுதியும், கார்னிவலில் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு செரினிட்டி என்ற பகுதியும் உண்டு; இரண்டுக்கும் தனிக் கட்டணம் இல்லை. பெரியவர்கள் இருவரும் அங்கே இருக்க, நீங்கள் பிள்ளைகளோடு குளத்தில் இருக்கலாம். பிரின்சஸ் கப்பல்களில் பெரியவர்களுக்கென உள்ள சாங்சுவரி என்ற பகுதிக்குக் கட்டணம் உண்டு. ஆனால் இடம் உறுதி. பணம் கொடுத்து நாற்காலி வாங்குவதா என்று மாமனார் கேட்கக்கூடும். முழங்கால் வலியோடு ஒருவர் ஒரு மணி நேரம் நிற்பதோடு ஒப்பிட்டால் அது வீண் செலவு என்று எனக்குத் தோன்றவில்லை. கப்பல் கோசுமெல் போலவோ நாசாவ் போலவோ ஒரு துறைமுகத்தில் நிற்கும் நாளில், காலை பத்து மணிக்குமேல் குளத்துத் தளம் ஓய்ந்து கிடக்கும். வெயிலில் ஊர் சுற்ற மாமியாருக்கு விருப்பமில்லையென்றால், அன்றைக்கு அவர் விரும்பிய நாற்காலியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அரங்கத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் வரவேண்டிய ஒருவருக்கோ இருவருக்கோ இடம் வைத்திருப்பது குடும்பத்தோடு வருபவர்கள் எல்லோரும் செய்வது. வரிசையையே பிடிப்பது வேறு. வாசலில் நிற்கும் பணியாளரிடம் உங்கள் குழுவின் எண்ணிக்கையைச் சொல்லி இடம் கேளுங்கள். அந்தப் பெண்மணியிடம் பேச வேண்டியவர் அவர். பெரிய காட்சிகளுக்குச் சில கப்பல்களில் முன்பதிவு உண்டு, அதைப் பயணத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். முடியாவிட்டால் இரண்டாவது காட்சிக்குப் போங்கள், முதல் காட்சி அளவுக்குக் கூட்டம் பெரும்பாலும் இராது.

டிசம்பர் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டவில்லையென்றால், கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களைத் தவிர்க்க முடியுமா என்று பாருங்கள். பள்ளி விடுமுறையில் கப்பல்கள் பிள்ளைகளால் நிரம்பி வழியும், ஓர் அறையில் நான்கு பேர் வரை ஏறுவார்கள். பிள்ளைகளின் பள்ளியால் தேதியை மாற்ற முடியாது என்றால், பயணத்திட்டத்தில் கரை தொடாத நாள்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, அவை குறைவாக உள்ள கப்பலைத் தேர்ந்தெடுங்கள்.