கொரோனா நிவாரணம்: ஒரே பண்ணையின் மாடுகளுக்கு அமெரிக்க அரசு வெவ்வேறு தொகை வழங்கியது ஏன்?

மாடு விற்கப்பட்டதா, பண்ணையிலேயே நின்றதா என்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அமெரிக்க வேளாண் துறை 2020 மே 26 முதல் விண்ணப்பம் பெற்ற கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டத்தில், ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, அதாவது சந்தை சரிந்துகொண்டிருந்த வேளையில், இறைச்சிக்காக விற்கப்பட்ட கொழுத்த மாட்டுக்குத் தலைக்கு 214 டாலர் கணக்கிடப்பட்டது. விற்காதவருக்கோ, ஏப்ரல் 16 முதல் மே 14 வரையிலான நாள்களில் அவரிடம் மிக அதிகமாக இருந்த மாடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு, தலைக்கு வெறும் 33 டாலர்தான். நட்டத்துக்கு விற்றவரின் இழப்பு கைமேல் தெரிந்தது என்பது நியாயமே. ஆனால் தீவனம் போட்டுக் காத்திருந்தவருக்கு இது கசந்திருக்கும். செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் சுற்றில், இனப்பெருக்க மாடுகள் நீங்கலாக, இருப்பு மாட்டுக்கான தொகை 55 டாலராக உயர்ந்தது.