22-ஆம் நாள் எட்டு மணி

கேள்வி: 'அதிகாலை ஐந்து மணிக்கு 21 நாள் தொடர்ந்து எழுந்தால் அது பழக்கமாகிவிடும், வாழ்க்கையே மாறிவிடும்' என்று ஓர் இணையவழி வகுப்பில் சொன்னார்கள். பணம் கட்டிச் சேர்ந்து, 21 நாளும் எழுந்தேன். 22-ஆம் நாள் விழித்தபோது மணி எட்டு. ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். எனக்கு மன உறுதி போதாதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: மன உறுதி இல்லாதவர் மூன்றாம் நாளே போர்வைக்குள் புகுந்திருப்பார். பணம் கட்டுவதற்கு முன், அந்த 21 எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டிருக்கலாம்.

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், மூக்கைத் திருத்திக்கொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புதிய முகம் பழகுவதற்குக் குறைந்தது ஏறத்தாழ 21 நாளாவது ஆகிறது என்று தம் அனுபவத்திலிருந்து 1960-இல் எழுதினார். பின்னால் வந்த தன்முன்னேற்றப் பேச்சாளர்கள் 'குறைந்தது', 'ஏறத்தாழ' ஆகிய இரண்டையும், கூடவே மூக்கையும் விட்டுவிட்டு, எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நீங்களோ மூக்கைத் திருத்திக்கொள்ளவில்லை. அலாரத்தைத்தான் திருத்தி வைத்திருக்கிறீர்கள்.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். மதிய உணவோடு ஒரு பழம் தின்பது, இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம் ஓடுவது போன்ற சிறிய செயல்கள்தாம். அவை யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட ஒருவருக்கு 18 நாள், மற்றொருவருக்கு 254 நாள் என்று கணக்காயிற்று. நடுமதிப்பு 66. (12 வாரத்தில் முடிந்த ஆய்வில் 254 எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டால் அது நியாயமே. அது வளைகோட்டை நீட்டிக் கணித்த எண்.) இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகவே 'முதலிலிருந்து' என்பது உங்கள் பழக்கத்துக்குத் தேவைப்படவில்லை. வகுப்பின் வரவு செலவுக்குத் தேவைப்படுகிறது.

இதற்கெல்லாம் லண்டன் வரை போயிருக்கவே வேண்டாம். கார்த்திகை பிறந்ததும் நம் தெருக்களில் எத்தனையோ பேர் மாலை அணிந்து, விடியுமுன் எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, வெறுங்காலோடு நடந்து, புகையையும் மதுவையும் தொடாமல் ஒரு மண்டலம், அதாவது 41 நாள் இருக்கிறார்கள். உங்கள் வகுப்பு கேட்பதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய மறுநாள் அவர்களில் சிலரைப் பெட்டிக்கடையில் பார்க்கலாம். அங்கே தொங்கும் கயிற்றின் கங்கில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய பக்தியில் குறை காண்பது என் நோக்கமன்று. அந்த 41 நாளும் அவர்களைத் தாங்கியது நாள்கணக்கு அன்று என்பதையே சொல்கிறேன். கழுத்தில் மாலை கிடந்தது. பெற்ற தாயும் 'சாமி' என்று அழைத்தாள். அவருக்காக வீட்டில் அடுப்பு மூட்டுபவரும் விடியுமுன் குளித்தார். தவறினால் கேட்பதற்குக் குருசாமி ஒருவர் இருந்தார். இத்தனையும் ஒரே நாளில் விலகிய பிறகு பழைய மனிதர் திரும்பி வருவதில் வியப்பில்லை. உங்களைத் தாங்கியதோ, தினமும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டியிருந்த ஒரு கட்டைவிரல் படம். 21-ஆம் நாளோடு குழுவை மூடிவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்ற வாக்குறுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது உண்மையானால், கோயம்பேட்டில் நள்ளிரவில் மூட்டை இறக்குபவர் வீட்டிலும், காசிமேட்டில் இருட்டோடு மீன் ஏலத்துக்கு வந்து நிற்கும் பெண்கள் வீட்டிலும் வருமானவரித் துறை இந்நேரம் சோதனை நடத்தியிருக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு எழுந்து செய்வதற்கு உங்களுக்கு உண்மையிலேயே ஏதேனும் வேலை இருக்குமானால் எழுந்திருங்கள். இல்லாவிட்டால், எட்டு மணிக்கு விழிப்பது குற்றமன்று. எழுவதாக முடிவு செய்தால் முதலில் படுக்கும் நேரத்தைப் பாருங்கள். வயது வந்தவர் இரவில் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் பரிந்துரைத்தன. அப்படியானால் இரவு பத்து மணிக்குள் நீங்கள் படுத்துவிட வேண்டும். கடிதத்தோடு நீங்கள் இணைத்திருக்கும் விளம்பரத் தாளின்படி, வகுப்பு நடப்பது இரவு ஒன்பதரை முதல் பதினொன்று வரை.