வேலைக்கு முன்னால் விபத்து வாய்ப்பை மதிப்பிட்டு எழுதும் ரிஸ்க் அசெஸ்மென்ட் பாரம் நிரப்புவதால் நிஜமாகவே பயன் உண்டா? ஆபத்தும் ரிஸ்க்கும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. கெடுதல் செய்யக்கூடியது ஆபத்து. அந்தக் கெடுதல் நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் விளைவு எவ்வளவு என்று சேர்த்துப் பார்ப்பது ரிஸ்க். நீங்கள் புதிதாக சூப்பர்வைசர் ஆகி, யாரோ நீட்டிய பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன்.

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீர் சுத்திகரிப்பு என் பொறுப்பு. சேற்றுத் தொட்டியில் ஆள் இறங்குவதற்கான பாரத்தில் "விபத்து வாய்ப்பு: குறைவு" என்று எழுதியிருந்தோம். முன்பு நாலைந்து தடவை இறங்கி ஒன்றும் ஆகவில்லை, அதுதான் காரணம். அந்தத் தடவை தீபாவளி லீவு முடிந்து வந்திருந்தோம். தொட்டிக்குள் காற்று ஊதும் புளோயர் 9 நாள் ஓடவில்லை. சாயம் பிடிக்கப் போடும் கிளாபர் உப்பு என்பது சோடியம் சல்பேட். காற்றில்லாமல் கிடக்கும் சேற்றில் பாக்டீரியா அந்த சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். தொட்டி அதேதான், ஆபத்தும் அதேதான். ரிஸ்க் மட்டும் 9 நாளில் பல மடங்கு ஏறியிருந்தது. பாரம் பழையது.

இறங்கிய ஒடிசாத் தம்பி சேற்றைக் கிளறியதும் சாய்ந்துவிட்டார். கூட நின்றவர் ஏணியில் கால் வைத்துவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். "விடுங்கண்ணா" என்று என்னை அடித்தார். விடவில்லை. விஷவாயுத் தொட்டிகளில் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாவது அடிக்கடி நடக்கிறது. தம்பி இடுப்பில் கயிறு கட்டியிருந்தோம், மேலிருந்தே தூக்கினோம். பிழைத்தார். அப்போது இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு அந்தக் கயிற்றைக் கேட்டது. நாங்கள் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

"முட்டை அழுகிய நாற்றம் காட்டிக்கொடுக்குமே" என்று சிலர் எழுதுவீர்கள். வாயு 100 பிபிஎம் அளவை, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை, எட்டினால் மூக்கே மரத்துவிடும். சேஃப்டி டிப்ளமோ படித்தவர்கள், "வாய்ப்பை விளைவால் பெருக்க வேண்டும், இவர் குழப்புகிறார்" என்பார்கள். பெருக்குங்கள். வாய்ப்புக்கு எந்த எண்ணை வைத்துப் பெருக்குகிறீர்கள் என்பதுதான் என் பேச்சு. போன தடவைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று கேட்டுவிட்டு எண் போடுங்கள். தொட்டிக் காற்றை அளக்கும் மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரையும் இறக்காதீர்கள். பம்ப் வைத்து உறிஞ்ச முடிந்தால் ஆளே வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்தத் தம்பியிடம் ஆஸ்பத்திரியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) எண் கேட்டபோதுதான் அவரைப் பதிவே செய்யவில்லை என்று தெரிந்தது. கான்ட்ராக்டர் 2 வருடமாக அதற்கென்று சம்பளத்தில் பணம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்தப் பணம் இன்னும் தம்பி கைக்கு வரவில்லை.