ட்ரூஹெச்டி வரவில்லையா? முதலில் கேபிளைப் பாருங்கள்

புளூரே கோப்பில் டால்பி ட்ரூஹெச்டி 7.1 (தரம் குறையாமல் சுருக்கிய எட்டு சேனல் ஒலி) இருக்கிறது, ஆனால் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் வெறும் டால்பி டிஜிட்டல் என்றுதான் வருகிறது, கம்ப்யூட்டர் டிவிக்கும் அங்கிருந்து ஆப்டிகல் வழியாக ரிசீவருக்கும் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். சிக்கல் அந்த ஆப்டிகல் கேபிள்தான். ட்ரூஹெச்டி நொடிக்கு 18 மெகாபிட் வரை போகும், அதை ஆப்டிகலில் அனுப்பவே முடியாது, அதனால்தான் ட்ரூஹெச்டியோடு சேர்ந்தே வரும் 640 கிலோபிட் சாதா டால்பி மட்டும் உங்களுக்குக் கேட்கிறது. டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ வழியாகவே ரிசீவருக்கு அனுப்பும் பழைய ஏஆர்சி இணைப்பிலும் இதே கதைதான், அதன் புதிய வடிவமான இஏஆர்சி இருந்தால் மட்டும் வேறு.

கம்ப்யூட்டரிலிருந்து ஹெச்டிஎம்ஐயை நேராக ரிசீவருக்குக் கொடுத்து, ரிசீவரிலிருந்து டிவிக்கு எடுங்கள். அப்புறம் கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயரில் செட்டிங்ஸ் அளவை எக்ஸ்பர்ட் என்று வைத்து, ஆடியோ சாதனமாக வாசாபி (WASAPI, விண்டோஸின் ஒலி வழி) என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள், டைரக்ட்சவுண்ட் என்ற இன்னொரு வழியில் ட்ரூஹெச்டிக்கு பாஸ்த்ரூ, அதாவது ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது, கிடைக்காது. பாஸ்த்ரூவை ஆன் செய்து ட்ரூஹெச்டி, அதே மாதிரியான டிடிஎஸ்-ஹெச்டி இரண்டையும் இயக்குங்கள். பாஸ்த்ரூவே கண்ணில் படவில்லை என்றால் 'சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே' ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள், அதை அணைத்தாக வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், ரிசீவரில் ட்ரூஹெச்டி என்ற விளக்கு எரிவதற்காக மட்டும் அலையாதீர்கள். பாஸ்த்ரூ தகராறு செய்தால் கோடி பிளேயரே ஒலியைப் பிரித்து 7.1 பிசிஎம்மாக (சுருக்காத ஒலியாக) அனுப்பட்டும், தரம் ஒரு பிட்கூடக் குறையாது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் மட்டும்தான் அப்படிப் போனால் கிடைக்காது.